சாப்பிட்டியா என்று கேட்ட பீப்பி

பெலாஜியா அபாயோன் எங்கள் சான் பிளாஸ் ஊரில் வந்து இறங்கியது ஒரு மழைக்காலத்தின் நடுவில், மணிலாவிலிருந்து வடக்கே போகிற பேருந்து எங்கள் சந்தை முனையில் பழுதாகி நின்றுபோனதால்தான். மற்றவர்களெல்லாம் டிரைவரைத் திட்டிக்கொண்டே அடுத்த வண்டியில் ஏறிப் போய்விட, அவள் மட்டும் தகரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து மழை விடும்வரை பார்த்தாள், விட்ட பிறகும் பார்த்தாள், பிறகு எழுந்து பழைய ஐஸ் ஆலைக்குப் பின்னால் காலியாகக் கிடந்த ஓர் அறையில் கொண்டுபோய்ப் பெட்டியை வைத்தாள். அதற்கப்புறம் அவள் எங்கேயும் போகவில்லை. எங்கிருந்து வந்தாய், யாருடைய மகள், உனக்கென்று யார் இருக்கிறார்கள் என்று நாங்களும் கேட்கவில்லை. வம்பு பேசுவதில் எங்களை மிஞ்ச ஆளில்லை, ஆனால் வம்பு பேசுவது வேறு, ஒருத்தியை உட்காரவைத்து விசாரிப்பது வேறு. இரண்டாவதை நாங்கள் செய்யவில்லை, அதைச் சொல்லிவிட்டுத்தான் இந்தக் கதையைத் தொடங்க வேண்டும்.

எங்கள் நாட்டில் பேசாமல் காலம் தள்ளுவது சுலபம். புருவத்தை ஒருமுறை உயர்த்தினால் ஆமாம், மூக்கைச் சுருக்கினால் இல்லை, உதட்டைக் குவித்து ஒரு பக்கமாக நீட்டினால் அதோ அங்கே என்று அர்த்தம். இந்த மூன்றை வைத்துக்கொண்டு ஒருவர் கல்யாணம் பண்ணிக் குழந்தை குட்டியும் பெற்றுவிடலாம். பெலாஜியா தேங்காய்ப்பாலில் வேகவைத்த அரிசியை வாழையிலையில் சுருட்டிக் கட்டி, சூமான் என்று நாங்கள் சொல்கிற அந்தப் பண்டத்தைக் கூடையில் அடுக்கி, காலைப் பூசை முடிகிற நேரத்தில் தேவாலய வாசலில் விற்றாள். எத்தனை வேண்டும் என்று விரலால் கேட்டாள், நன்றி என்று தலையால் சொன்னாள். முதல் வருடத்திலேயே அவளுக்குப் பேச்சு வராது என்று நாங்கள் முடிவு கட்டிவிட்டோம். வயதான பெண்களை அலிங் என்றும் ஆண்களை மாங் என்றும் மரியாதையாகச் சொல்வது எங்கள் வழக்கம். அவள் அலிங் பெலா ஆனாள். எங்கள் ஊரின் காவலரான புனித பிளாஸ் தொண்டைக்கான புனிதர், அவருடைய திருநாளில் பாதிரியார் இரண்டு மெழுகுவர்த்திகளைக் குறுக்காக வைத்து ஒவ்வொருவர் தொண்டையையும் ஆசீர்வதிப்பார். அலிங் பெலா வருடம் தவறாமல் அந்த வரிசையில் போய் நிற்பாள். ஊமைக்கு எதற்குத் தொண்டை ஆசீர்வாதம் என்று நாங்கள் வாய்விட்டே சிரித்திருக்கிறோம், அவள் காதில் விழுகிற தூரத்தில்.

அவள் முப்பத்தொரு படங்களில் நடித்தவள் என்பது, எல்லாம் முடிந்த பிறகு, ரெமெதியோஸ் என்கிற பெண்மணி மணிலாவிலிருந்து எழுதிய நாலு பக்கக் கடிதத்தில்தான் எங்களுக்குத் தெரிந்தது. சமார் தீவில் கருவாடு காயவைக்கிற கரையில், தலையில் கூடையோடு போன பதினேழு வயதுப் பெண்ணை, கடலைப் படமெடுக்க வந்த ஒரு டைரக்டர் பார்த்தார். அவர் கூட்டிவந்திருந்த கதாநாயகி படகில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்தப் பெண்ணின் முகத்தில் வெயில் படுகிற விதம் அவருக்குப் பிடித்துப்போயிற்று, மணிலாவுக்குக் கூட்டிப்போனார், செலஸ்தே ராயோஸ் என்று பெயர் வைத்தார், பட்டுப் பாவாடை உடுத்தி விளக்குகளுக்கு நடுவில் நிறுத்திப் பேசச் சொன்னார். அவள் பேசினாள். சமார் தீவு முழுக்க அவள் வாயில் இருந்தது, அந்தத் தீவின் அலையும் உப்பும் அழுத்தமும். உயரத்தில் விளக்குப் பிடித்திருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் ஒருவன் ஏணியிலிருந்து விழப் பார்த்தான், கதாநாயகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். டைரக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "உன் மூஞ்சி போதும்மா, குரலுக்கு வேற ஆள் வெச்சுக்கறேன். நீ வாயை மட்டும் அசைச்சாப் போதும், ஒண்ணு ரெண்டுன்னு எண்ணு" என்றார்.

அப்படியே அவள் எண்ணினாள். காதலைச் சொல்லும்போது பத்தொன்பது வரைக்கும், மாமியாரைச் சபிக்கும்போது நாற்பது வரைக்கும், குழந்தையைப் பறிகொடுத்து மடியில் போட்டுக்கொண்டு அழும்போது ஒன்றிலிருந்து நூற்றுப்பன்னிரண்டு வரைக்கும் எண்ணிக்கொண்டே கண்ணீர் விட்டாள், கண்ணீர் மட்டும் அவளுடையதாக இருந்தது. பிறகு ஒரு கண்ணாடி அறையில் ரெமெதியோஸ், ரேடியோ நாடகத்தில் பேசுகிறவள், திரையில் அந்த உதடுகளைப் பார்த்துப் பார்த்துத் தேனும் நெருப்புமான மணிலாப் பேச்சை அவற்றுக்குள் ஊற்றினாள். ரசிகர்கள் கடிதம் எழுதினார்கள், உங்கள் குரலைக் கேட்டால் தூக்கம் வருவதில்லை என்று. பெலாஜியா கொட்டகையின் கடைசி வரிசையில் தலையில் துணி போட்டு உட்கார்ந்து தன் படத்தைப் பார்ப்பாள், தன் முகத்திலிருந்து இன்னொருத்தி பேசுவதைக் கேட்டுச் சுற்றியிருப்பவர்கள் அழுவதைப் பார்ப்பாள், அவளுக்கு மட்டும் அழுகை வராது. கடையில் உப்பு கேட்கக்கூட வாய் திறக்கப் பயந்தாள், திறந்தால் செலஸ்தே ராயோஸ் இல்லை என்று தெரிந்துவிடுமே. அப்படித்தான் அவளுடைய பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிற்று.

ஒரே ஒரு முறை மட்டும் அவள் குரல் படத்தில் வந்தது. இருபத்திரண்டாவது படம், சிறையில் இருக்கிற மகனைப் பார்க்க வருகிற கிராமத்துத் தாய் வேஷம். ரெமெதியோஸுக்கு அன்று பிரசவ வலி கண்டுவிட்டது, படமோ வெள்ளிக்கிழமை கொட்டகைக்குப் போக வேண்டும், அந்தக் காட்சியில் இருப்பதும் ஒரே ஒரு வசனம். டைரக்டர் கையை உதறி, "நாட்டுப்புறத்துப் பொம்பளதானே, நீயே சொல்லித் தொலை" என்றார். அவள் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, சமார்க்காரியாகவே, "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். எங்கள் நாட்டில் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்கிற கேள்வி அது. வெள்ளிக்கிழமை கொட்டகையில் உட்கார்ந்து அவள் அதைக் காதாரக் கேட்டாள், தன் முகமும் தன் குரலும் ஒன்றாக இருந்ததை, ஒரு மூச்சு நேரம். முன்வரிசையில் ஒருவர் தன்னையறியாமல் "ஆச்சும்மா" என்று பதில் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வந்த புயலில் பாதிக் கொட்டகைகளுக்குக் கூரை போயிற்று, படம் திரும்ப ஓடவில்லை. அதற்குப் பின் அவள் அம்மாவானாள், மாமியாரானாள், பேயானாள், கடைசியில் சவப்பெட்டியில் படுத்திருக்கும் வேஷம், அதற்கு எண்ணவும் வேண்டியதில்லை. நாலாவது முறை சவமாகப் படுத்து எழுந்தவள் நேரே பேருந்து நிலையத்துக்குப் போனாள், அந்தப் பேருந்துதான் எங்கள் சந்தை முனையில் நின்றுபோனது.

பெருவெள்ளம் தேவாலயத்தின் ஐந்தாம் படி வரை ஏறி வந்த வருடம், டிசம்பர் மாதத்தில், பீப்பிகள் பேசத் தொடங்கின.

புத்தாண்டு பிறக்கும்போது பெரும் சத்தம் போட்டுப் பழைய பீடையை விரட்டுவது எங்கள் வழக்கம், அதற்கு ஊரில் ஆளுக்கொரு பீப்பி வேண்டும். எங்கள் ஊரில் பீப்பி செய்கிறவள் அலிங் கொன்சோர்சியா, குரல் பெரிது, மனசும் பெரிது, இரண்டையும் அடக்கத் தெரியாது. வண்ண அட்டையைக் கூம்பாகச் சுருட்டி, உள்ளே பழைய சினிமாச் சுருளில் வெட்டிய ஒரு துண்டை நாக்காகச் செருகுவாள்; யாரும் திரையிடாத படங்கள் கடைசியில் இப்படிச் சாக்கு சாக்காக வந்து சேரும், அந்த வழவழப்பான பட்டைதான் ஊதினால் நன்றாக அதிரும். எத்தனையோ வருடமாக அவை பூ என்றுதான் கத்தின. அந்த வருடம் அவளுக்கு வந்த சாக்குகள் எந்தக் கிடங்கிலிருந்து வந்தன என்று அவளுக்குத் தெரியாது. ஒரு காலை பத்து மணிக்கு, கசாப்புக்காரரின் மகள் சந்தை நடுவில் ஒரு பச்சைப் பீப்பியை வாயில் வைத்து ஊதினாள், உள்ளிருந்து ஒரு பெண் குரல் தெளிவாக, "என் கண் முன்னால் வராதே, வந்தால் நான் கண்ணை மூடிக்கொள்வேன், அப்புறம் திறக்கவே மாட்டேன்" என்றது. மீன் செதிலைச் சீவிக்கொண்டிருந்தவள் கத்தியை நிறுத்தி, நல்ல குரல் என்று சொல்லிவிட்டு, மறுபடி சீவத் தொடங்கினாள்.

ஒவ்வொரு பீப்பியிலும் ஒரு மூச்சு அளவுக்கு ஒரு வசனம் இருந்தது. பாதிரியார் ஒரு கூடை நிறைய வரவழைத்து ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்து, கெட்ட வார்த்தை எதுவும் இல்லை, பூசை நேரத்தில் மட்டும் ஊதாமல் இருந்தால் சரி என்று அனுமதி கொடுத்தார்; ஒன்றை மட்டும் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டார், அதில் என்ன இருந்தது என்று இன்றுவரைக்கும் தெரியாது. வார்டு தலைவர் வழக்குத் தீர்க்கிற இடத்தில் பீப்பி சொல்கிற சாட்சி செல்லாது என்று எழுதி ஒட்டினார். பத்து வருடமாகத் தையற்காரியைப் பார்த்துப் பெருமூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்த ஒரு தச்சர் அவள் கடை வாசலில் நின்று, "நீ இல்லாத வீட்டில் விளக்கு எதற்கு" என்று ஊதிவிட்டு ஓடிப்போனார், பிப்ரவரியில் கல்யாணம். புருஷன் பெண்டாட்டி சண்டைகள் பாதி பீப்பியிலேயே நடந்து முடிந்தன, நல்ல வசனம் எதிர்ப்பக்கம் இருந்தால் தோற்றவர்கள் கௌரவமாக விலகிக்கொண்டார்கள். பெண்கள் சந்தையில் உட்கார்ந்து கோபத்துக்கு ஒரு கூடை, காதலுக்கு ஒரு கூடை, அழுகைக்கு ஒரு கூடை என்று பிரித்து, ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொண்டார்கள்.

அழுகைப் பீப்பிகள் சாவு வீடுகளுக்குப் போயின. எங்கள் ஊர்ச் சாவு வீட்டைப் பற்றி இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். இறந்தவர் முகம் பார்த்துவிட்டோ அடக்கம் முடித்துவிட்டோ நாங்கள் யாரும் நேரே வீட்டுக்குப் போக மாட்டோம், வழியில் எங்கேயாவது நுழைந்து எதையாவது வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் போவோம். நேரே போனால் செத்தவர் பின்னாலேயே வந்து நம் வீட்டில் குடியேறிவிடுவார். வேறெங்காவது நுழைந்து வெளியே வந்தால் வழி குழம்பி நின்றுவிடுவார். கல்லறைச் சாலை முனையில் இருக்கிற நூடுல்ஸ் கடை ஓகோவென்று நடப்பது சமையலால் அல்ல, இதனால்தான்.

பெலாஜியா இவை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். புத்தாண்டுக்கு முந்தின மாலை ஊர் முழுக்கப் பீப்பியை ஒரே நேரத்தில் எடுத்தபோது, ஆயிரம் வாயிலிருந்து ரெமெதியோஸின் குரல் புறப்பட்டு, காதலித்து, சபித்து, கெஞ்சி, மன்னித்துத் தெருத்தெருவாக ஓடியது. ஐஸ் ஆலைக்குப் பின்னால் அந்த அறையில் அவளுடைய உதடுகள் தாமாகவே அசைந்து எண்ணத் தொடங்கின, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த மாலையில் எங்களில் யாரும் அவள் கதவைத் தட்டவில்லை.

பிறகு எங்களுக்கு ஆசை வந்துவிட்டது, இந்தக் குரலுக்கு உரியவளைப் பார்த்தே ஆக வேண்டும் என்று. பழைய ஆட்கள் சிலருக்கு வசனங்கள் நினைவிருந்தன, செலஸ்தே ராயோஸ் என்ற பெயரும் நினைவுக்கு வந்தது. ஒரு கமிட்டி போட்டோம், கமிட்டி போடாமல் நாங்கள் எதையும் செய்ததில்லை. கமிட்டி மணிலா போய், ரேடியோ நிலையத்தில் விசாரித்து, அக்காள் மகள் வீட்டில் தங்கியிருந்த ஒரு கிழவியைக் கண்டுபிடித்தது. அவள் கதவைத் திறந்து யாரு வேணும் என்று கேட்ட மாத்திரத்தில் அதே குரல், பொட்டு அளவுகூட மாறாத குரல். யாரும் பெயர் கேட்கவில்லை. அவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் எங்கள் கமிட்டித் தலைவர் சொற்பொழிவைத் தொடங்கிவிட்டார், தொடங்கினால் அவரை நிறுத்த முடியாது. அப்படியாக நாங்கள் குரலை வைத்து ஆளைத் தேடி, முகத்தை எங்கள் தேவாலய வாசலிலேயே விட்டுவிட்டு, ரெமெதியோஸை ஊருக்குக் கூட்டிவந்தோம்.

புனித பிளாஸ் திருநாள் அன்று அவளைப் பூத்தேரில் உட்காரவைத்து, மல்லிகை மாலை போட்டு, வாத்தியத்தோடு ஊர்வலம் விட்டோம். தேர் தேவாலய வாசலுக்கு வந்தபோது அவள் இறங்கித் தொண்டை ஆசீர்வாத வரிசையில் நின்றாள், அவளுக்கு முன்னால் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அலிங் பெலா நின்றாள். முப்பது வருடம் பார்த்துப் பார்த்துப் பேசிய உதடு, பக்கவாட்டில் தெரிந்தாலும் போதும்.

"பெலா?" என்றாள் ரெமெதியோஸ்.

பெலாஜியா திரும்பிப் புருவத்தை உயர்த்தினாள்.

"கடவுளே. பெலா, இவங்க என்னை நீன்னு நெனச்சுக் கூட்டிட்டு வந்துட்டாங்க. சொல்லச் சொல்ல ஒருத்தர் காதுலயும் ஏறல. இரு, இப்பவே சொல்லிடறேன்."

பெலாஜியா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். மூக்கைச் சுருக்கினாள்.

ரெமெதியோஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அந்தக் கண்ணாடி ரூம்ல நின்னு எத்தனை வருஷம் பேசினேன். ஒரு ஆள் எனக்கு ஒரு பூ குடுத்ததில்ல, தெரியுமா? இன்னைக்குத்தான். எனக்கு வெக்கமா இருக்கு பெலா. சந்தோஷமாவும் இருக்கு, அதுதான் இன்னும் வெக்கமா இருக்கு."

பெலாஜியா அவள் கழுத்தில் ஒரு பக்கமாகச் சரிந்திருந்த மாலையை நேராக்கிவிட்டாள்.

"வர்ற வழியெல்லாம் ஊதிக் காட்டினாங்க. எல்லாம் என் குரல்தான். ஆனா ஒரே ஒரு படத்துல ஒரு வசனம் என்னுது இல்ல. அந்த ஜெயில் படம். அன்னைக்கு நான் பிரசவ வார்டுல கெடந்தேன். அந்தச் சுருளும் இந்த ஊருக்குத்தான் வந்திருக்கணும். தேடிப் பாரு. அதை ஊதி, பக்கத்துலயே நின்னு நீயும் அதையே சொல்லு. அப்புறம் ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டான்."

அன்றையிலிருந்து பெலாஜியாவுக்கு வாழ்க்கையில் வேண்டியது ஒன்றே ஒன்றாக இருந்தது. அந்தப் பீப்பி கிடைத்தால் போதும், சந்தை நடுவில் ஒரு முறை ஊதுவாள், பிறகு தன் வாயால் அதே கேள்வியைக் கேட்பாள், இரண்டும் ஒரே குரல் என்று ஊருக்குத் தெரியும், முப்பத்தொரு படமும் அவளிடம் திரும்பி வரும். ஆனால் அவசரம் இருந்தது. நாக்குகள் தேய ஆரம்பித்திருந்தன. ஊத ஊத வசனத்தின் ஓரங்கள் மழுங்கி, சொற்கள் கரைந்து, ஒருநாள் வெறும் பூ மட்டும் மிஞ்சியது. அவள் சூமான் கூடையோடு வீடு வீடாகப் போனாள், உதட்டைக் குவித்துப் பீப்பியைக் காட்டினாள், நாங்கள் சிரித்துக்கொண்டே ஊதிக் காட்டினோம், ஊமைக்கும் சினிமாப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றோம். அவள் கேட்டாள், மூக்கைச் சுருக்கினாள், அடுத்த வீட்டுக்குப் போனாள். தவக்காலம் தொடங்கும்போது ஊரில் பாதிப் பீப்பிகள் ஓய்ந்துவிட்டன, குருத்தோலை ஞாயிறுக்குள் அநேகமாக எல்லாமே.

மாங் தியோடுலோவின் வீடு ஆற்றுப்பக்கம் கடைசி வீடு. முப்பத்தெட்டு வருடம் ஜீப்னி என்கிற பயணிகள் வண்டி ஓட்டியவர், மனைவி போய் ஆறு வருடம், ஒரு மகன் ரியாத்தில், ஒரு மகன் கனடாவில். சனிக்கிழமை தபால் நிலையத்துக்குப் போய் அவர்களோடு போனில் பேசுவார், மாத்திரை போட்டீங்களா, கண் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கினீங்களா என்று கேட்பார்கள். இரண்டு கண்ணிலும் புரை, ஆள் நிற்பது நிழலாகத் தெரியும், அவ்வளவுதான். ஒரு நண்பகல் பெலாஜியா அவருடைய சமையலறை ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றபோது, அவர் மேசையில் தட்டை வைத்து, சோற்றைப் போட்டு, மீனை வைத்து, உட்கார்ந்து, ஒரு சிவப்புப் பீப்பியை இரண்டு கையாலும் எடுத்து மெல்ல ஊதினார்.

"சாப்பிட்டியா?" என்றது பீப்பி.

"இன்னும் இல்ல," என்றார் மாங் தியோடுலோ. "இதோ உக்காந்துட்டேன்."

கூடை அவள் இடுப்பிலிருந்து நழுவி, சூமான்கள் சேற்றில் உருண்டன. அலையும் உப்பும் அழுத்தமும் அப்படியே இருந்தன. இந்தக் குரலைக் கேட்டா அத்தனை பேர் சிரித்தார்கள் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது, ஏனென்றால் அது நல்ல குரல்.

"யாரு அங்க?" என்றார் அவர்.

அவள் உதட்டைக் குவித்துப் பீப்பியைக் காட்டினாள். அவர் நிழலைத்தான் பார்த்தார். அவள் மறுபடி காட்டினாள், கையை நீட்டினாள், புருவத்தை உயர்த்தினாள். எங்கள் ஊரில் அவளைக் காப்பாற்றி வந்த அத்தனை சைகையும் அந்த ஜன்னலில் பயனற்றுப் போயின. அவரிடம் எதையும் கேட்க வேண்டுமானால் வாயால்தான் கேட்க வேண்டும்.

"ஓ, இலை வாசனை வருதே. அலிங் பெலாவா? ரெண்டு சூமான் குடுங்க. இதைக் கேட்டீங்களா? ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் ஊதறேன், தேஞ்சுடக் கூடாதுன்னு. வீட்டுல என்னை இதைக் கேக்கறதுக்கு இது ஒண்ணுதான் இருக்கு."

அவள் சேற்றிலிருந்து சுத்தமான இரண்டைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். மறுநாள் கேட்டுவிடலாம் என்று போனாள். மறுநாளும் போனாள், வாயைத் திறந்தாள், அவர் அதற்குள் ஊதி, பதில் சொல்லி, சோற்றில் கை வைத்துவிட்டார், வாயை மூடிக்கொண்டு திரும்பினாள். இப்படியே உயிர்ப்பு ஞாயிறு போயிற்று, மே மாதம் போயிற்று. ஒவ்வொரு நண்பகலும் கேள்வி கொஞ்சம் மெலிந்து வந்தது, இன்னும் பத்து ஊதல், இன்னும் ஐந்து, இன்றைக்கே கேட்டு வாங்காவிட்டால் அவ்வளவுதான் என்று தெரியும். தெரிந்துகொண்டே ஒவ்வொரு நாளும் அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு வந்தாள்.

ஜூன் மாதம் முதல் மழை பெய்த நாளில் அவர் ஊதினார், பூ என்றது. நாக்கைத் துடைத்து மறுபடி ஊதினார். பூ. மூன்றாம் முறை ஊதவில்லை. பீப்பியை மேசையில் வைத்துவிட்டு, எழுந்து, ஒரு மூடியைத் தடவி எடுத்துச் சோற்றுத் தட்டை மூடினார், மூடிய தட்டுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வயிறு நிறையக் கண்ணீர் வைத்திருக்கிறவர்கள் அழுவதில்லை, சும்மா உட்கார்ந்திருப்பார்கள். பெலாஜியா அந்த வேஷத்தை எத்தனையோ முறை போட்டிருக்கிறாள்.

அவளுடைய சாட்சி போய்விட்டது. இனி சந்தையில் நின்று எதைச் சொன்னாலும் யாரும் நம்பப்போவதில்லை. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள், இருபத்திரண்டாவது படத்தில் பிடித்த மாதிரியே, துருப்பிடித்துப்போன தொண்டையைத் திறந்து, எண்ணாமல், "சாப்பிட்டியா?" என்றாள்.

மாங் தியோடுலோ மேசைப் பக்கம் திரும்பினார். பீப்பியைக் கையால் தொட்டுப் பார்த்தார்.

"பயமுறுத்திட்டியே," என்றார் பீப்பியிடம். "இன்னும் இல்ல. இதோ."

மூடியை எடுத்துவிட்டுச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு அவள் தினமும் நண்பகலில் அந்த ஜன்னலுக்கு வெளியே போய் நின்று அதைக் கேட்டாள், ஊதாமலே அது பேசுகிறது என்று அவர் நம்பினார், எங்களிடமும் சொன்னார், இன்னும் பேசுகிற பீப்பி ஊரிலேயே என்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று. கிழவருக்குத் தனிமையில் புத்தி பேதலித்துவிட்டது என்று நாங்கள் தலையை ஆட்டினோம். அந்தக் காலத்தில் முகம் அவளுடையது, குரல் வேறொருத்தியுடையது. இப்போது குரல் அவளுடையது, முகம் ஓர் அட்டைக் கூம்பு. ஒரு வருடம் போல் ஆன பின், ஒரு நாள் அவர் பதில் சொல்லிவிட்டுச் சும்மா இருக்காமல், "நீ? நீ சாப்பிட்டியா?" என்று கேட்டார். அவளை யாரும் அதைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று. அவள் இடுப்பிலிருந்த கூடையைக் கீழே இறக்கி வைத்தாள். பிறகு, "இன்னும் இல்ல" என்றாள். "அப்ப உக்காரு," என்றார் அவர், இன்னொரு தட்டை எடுத்துப் பீப்பிக்கு முன்னால் வைத்தார்.

கதவு நாலடி தூரத்தில் இருந்தது. அவள் உள்ளே போகவில்லை. உள்ளே போனால் பீப்பி பேசவில்லை என்று தெரிந்துவிடும், ஒருவேளை அவரும் சிரித்துவிடுவார், அந்த ஒரு சிரிப்பைத் தாங்க அவளிடம் தெம்பு இல்லை. மறுநாளிலிருந்து அவள் ஒரு ஈயத்தட்டில் தன் சோற்றைக் கொண்டுவந்து ஜன்னலுக்குக் கீழே சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். கேட்டாள், பதில் சொன்னாள், சாப்பிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய கரண்டிச் சத்தம். ஏழு வருடம் அவர்கள் இப்படிச் சேர்ந்து சாப்பிட்டார்கள்.

ஒரு ஆகஸ்ட் மாதம் அலிங் பெலா இரண்டு நாளாகத் தேவாலய வாசலுக்கு வரவில்லை என்பதை நாங்கள் மூன்றாம் நாள் கவனித்தோம். மாங் தியோடுலோ முதல் நாளே கவனித்திருந்தார். நண்பகலில் கேள்வி வரவில்லை, அவர் காத்திருந்தார், பீப்பியை எடுத்து ஊதினார், பூ என்றது. அவர் வெளியே வந்து, சுவரைத் தடவிக்கொண்டே போய், ஜன்னலுக்குக் கீழே புல் தேய்ந்து மண்ணாகிக் கிடந்த ஒரு ஆள் உட்காரும் இடத்தையும், கழுவிக் கவிழ்த்துவைத்த ஈயத்தட்டையும் கையால் கண்டுபிடித்தார். தட்டுக்குக் கீழே காய்ந்த வாழையிலை வாசனை இருந்தது.

ஐஸ் ஆலைக்குப் பின்னால் அந்த அறையில் இறந்துகிடந்தவளை, அவளுக்கு யாரும் இல்லாததால், ஊர்ப் பொது மண்டபத்தில் வைத்தோம். செத்தவர்களுக்கு மரியாதை செய்வதில் நாங்கள் குறை வைப்பதில்லை, பிஸ்கட் வைத்தோம், இரவெல்லாம் கண்விழித்துத் துணையிருக்கச் சீட்டு ஆடினோம். மாங் தியோடுலோ ஈயத்தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார்.

"பாவம், பேச்சு வராத பொம்பள," என்றாள் அலிங் கொன்சோர்சியா.

"பேசுவாங்க," என்றார் அவர்.

"என்ன பேசுனாங்க?"

"சாப்பிட்டியான்னு கேட்டாங்க. எட்டு வருஷமா, தினமும்." அவர் அந்தக் கேள்வியை அவள் கேட்ட மாதிரியே, சமார் அழுத்தத்தோடு சொல்லிக் காட்டினார். யாரும் சிரிக்கவில்லை. சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டைக் கீழே வைத்தார்கள். எங்கள் ஊரில் எல்லோரும் எல்லோரையும் கேட்கிற கேள்வி அது, இத்தனை வருடத்தில் அதை அவளிடம் எங்களில் ஒருவர் கேட்டதாக எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்கு அடக்கம் செய்தோம். திரும்பி வரும்போது வழக்கம்போல ஊரே நூடுல்ஸ் கடைக்குள் நுழைந்தது. மாங் தியோடுலோ நுழையவில்லை. தடியைத் தட்டிக்கொண்டு கடையைத் தாண்டி ஆற்றுச் சாலையில் நடந்தார்.

அலிங் கொன்சோர்சியா வாசலுக்கு ஓடிவந்து கத்தினாள். "மாங் தியோடுலோ! நேரா வீட்டுக்குப் போகாதீங்க! பின்னாடியே வந்துடுவாங்க!"

"தெரியும்," என்றார் அவர், திரும்பாமல்.

நாங்கள் கிண்ணங்களைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தோம். அவர் எந்தக் கடையிலும் நிற்கவில்லை, எந்த வாசலிலும் நிழலுக்குக்கூட ஒதுங்கவில்லை, பின்னால் வருகிறவருக்கு வழி தவறிவிடக் கூடாது என்பதுபோல மெதுவாக, நேராக நடந்தார். ஆற்றோரம் கடைசி வீட்டின் கதவைத் திறந்தார், கொஞ்சம் ஒதுங்கி நின்றார், பிறகு உள்ளே போய் மேசையில் இரண்டு தட்டு வைத்தார். நண்பகல் மணி அடித்தது. அவர் கதவைச் சாத்தவில்லை.